காப்பகத்துக்கு டீச்சர் எடுப்பது எப்படி? பனியன் ஊர்களுக்கான வழிமுறை

குழந்தைகள் காப்பகத்தின் தரத்தை முடிவு செய்வது அங்கே நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கும் டீச்சரும் ஆயாவும்தான். கட்டடம், பொம்மை, சுவரில் வரைந்த யானைப் படம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை, தனக்கு என்ன நடந்தது என்று வீட்டில் வந்து சொல்லாது. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்கிற சோதனைதான் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் உள்ள குன்னத்தூர் போன்ற பேரூராட்சிகளில் இந்தத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபிசெட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கும் ஊர் இது. கம்பெனி வேன் ஏறி 8.30 மணி ஷிப்டுக்குப் போகும் பெண்களும், உள்ளூர் யூனிட்டுகளிலேயே தைக்கும், செக்கிங் பார்க்கும் பெண்களும் இந்தப் பகுதியில் அதிகம். காப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டிய தாயும், டீச்சர் வேலைக்கு வரக்கூடிய பெண்ணும் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஒரு பக்கம் காப்பக வேலை, இன்னொரு பக்கம் சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம் தரும் பனியன் கம்பெனி. ஆகவே இங்கே டீச்சர் தேர்வு என்பது கேள்வி கேட்டு மார்க் போடுவதோடு முடிவதில்லை. வேலையின் நேரத்தையும் சம்பளத்தையும் முதலில் ஒழுங்கு செய்தாக வேண்டும். அதைச் செய்யாத நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது ஆள் தேடிக்கொண்டே இருக்கும்.

மூன்று வகை மையம், மூன்று வகை நியமனம்

பெரும்பாலோர் இன்றும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடி முதல் வகை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. தமிழ்நாட்டில் குறு அங்கன்வாடிகளையும் சேர்த்து 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. நியமனம் அரசு விதிப்படி நடக்கும்.

2025-இல் தமிழக அரசு 7,783 இடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. 3,886 அங்கன்வாடிப் பணியாளர்கள், 305 குறு அங்கன்வாடிப் பணியாளர்கள், 3,592 உதவியாளர்கள் என்பது கணக்கு. பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 25 முதல் 35 வயது. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 20 முதல் 40 வயது. கணவரை இழந்தோர், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வயது வரம்பில் சலுகை இருந்தது. தமிழில் சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிய வேண்டும். மையம் இருக்கும் ஊரிலோ அக்கம்பக்கத்திலோ குடியிருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பமும் நேர்காணலும்தான். முதல் ஓராண்டு பணியாளருக்கு மாதம் ரூ.7,700, குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு ரூ.5,700, உதவியாளருக்கு ரூ.4,100 தொகுப்பூதியம். அதன்பின் சிறப்புக் காலமுறை ஊதியம்.

இரண்டாவது வகை, கம்பெனிக் காப்பகம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணிடமே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது; தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 50 பேர் என்ற அளவையும் நான்கு முறை என்ற உரிமையையும் வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பொதுக் காப்பகம் நடத்தலாம் என்றும் அது அனுமதிக்கிறது. பெரிய கம்பெனிகள் ஒரே வளாகத்தில் இருக்கும் ஆயத்த ஆடைப் பூங்காக்களைவிட, சின்ன யூனிட்டுகள் சிதறிக் கிடக்கும் குன்னத்தூர் பகுதிக்கு இந்த ஏற்பாடு பொருந்தும்.

மூன்றாவது வகை, தனியார் பிளே ஸ்கூலும் பகல்நேரக் காப்பகமும். தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கென 2015-இல் விதித்தொகுப்பு வந்தது. அங்கீகாரம் பெற்றே நடத்த வேண்டும். ஆனால் வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள் பல எந்தப் பதிவிலும் வருவதில்லை. விளம்பரம், நேர்காணல், நியமன உத்தரவு எதுவும் இல்லாமல், தெரிந்தவர் சொன்னார் என்று ஆள் எடுப்பது அதிகம் நடப்பது இங்கேதான். கீழே வரும் முறைகள் கம்பெனிக் காப்பகத்துக்கும் தனியார் மையத்துக்குமானவை.

முதலில் வேலையை வரையறுப்பது

ஆள் தேடும் முன் மூன்று கணக்கைப் போட வேண்டும். முதலாவது, எத்தனை பிள்ளைக்கு ஒரு டீச்சர். 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயதுவரை இருபது குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. முப்பது பிள்ளை உள்ள மையத்தில் பத்துப் பேர் கைக்குழந்தைகள் என்றால் இரண்டு டீச்சர்கள் வேண்டும், ஆயா தனி.

இரண்டாவது கணக்கு, நேரம். திருப்பூர்ப் பகுதியில் தாய் ஒரு ஷிப்ட் பார்த்தால் மாலை ஐந்தரைக்கு வருவார். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஆகிவிடும். காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடும் மையத்தை ஒரே டீச்சரால் நடத்த முடியாது. மாலை நாலு மணிக்கு மேல் களைத்துப்போன டீச்சரிடம்தான் கோபமும் கவனக்குறைவும் வெளிப்படும். காலை எட்டிலிருந்து மூன்று, பகல் ஒன்றரையிலிருந்து எட்டரை அல்லது ஒன்பது என்று இரண்டு பேராகப் பிரித்தால், இடையில் ஒன்றரை மணி நேரம் இருவரும் சேர்ந்திருப்பார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் அது. யார் சாப்பிடவில்லை, யாருக்கு உடம்பு சுடுகிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுப் போக வசதி. தவிர, முழு ஷிப்டுக்குப் போக முடியாத, வீட்டுக்கு அருகிலேயே அரைநாள் வேலை தேடும் படித்த பெண்கள் இந்த ஏற்பாட்டுக்குத்தான் கிடைப்பார்கள்.

மூன்றாவது, வேலைப் பிரிவினை. சமையல், பெருக்குவது, பதிவேடு எழுதுவது, பாட்டு, கதை எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் முதலில் கைவிடப்படுவது கதையும் பாட்டும்தான். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். அந்த மையங்களில் கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு உடல்நலப் பணிகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்து நேர்காணல் நடத்துவதைவிட, வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரைத் தேடுவது பலன் தரும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

யாரை, எங்கே தேடுவது

படிப்பைப் பொறுத்தவரை, முன்பருவக் கல்வியில் பட்டயமோ சான்றிதழோ பெற்றவர் கிடைத்தால் முதலிடம் அவருக்குத்தான். கிராமப்புறத்தில் பொதுவாக வந்து விண்ணப்பிப்பவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயமோ பி.எட்.டோ முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் பயிற்சி பெற்றது பள்ளி வகுப்பு நடத்துவதற்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும், நனைத்துக்கொண்ட ஜட்டியை மாற்றுவதும், தூங்க வைப்பதும் தங்கள் வேலையில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2022-இல் அந்த வகுப்புகளுக்கு மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை எடுக்க அரசு முடிவு செய்தது. பட்டயம் இருப்பவரெல்லாம் மழலை வகுப்புக்கு மனம் ஒப்பி வருவதில்லை என்பதை அந்த அனுபவம் காட்டியது.

படிப்பைத் தாண்டிப் பார்த்த முன்னுதாரணமும் தமிழ்நாட்டில் உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், கிராம ஊட்டச்சத்துப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளூர்ப் பெண்களாகவும், ஏழைக் குடும்பமாக இருந்தும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்தவர்களாகவும் பார்த்து எடுத்தது. வசதி இல்லாமலே நன்றாக வளர்த்தவர் சொன்னால் பக்கத்து வீட்டுத் தாய் கேட்பாள் என்ற கணக்கு அது. இன்றைய காப்பகத்துக்கும் அந்த அளவுகோல் உதவும்.

பயிற்சி பெற்றவர்களைத் தேடக் கோவை அருகிலேயே இருக்கிறது. டி.எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் 1957-இல் தொடங்கிய மனையியல் கல்லூரி, இன்றைய அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், குழந்தை வளர்ச்சியைப் பாடமாகச் சொல்லித்தரும் பழைய நிறுவனம். அது தவிர உள்ளூரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்கள், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த, முன்பு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்த மருமகள்கள் ஆகியோரிடம் சொல்லி வைக்கலாம். விளம்பரத்தில் நேரம், சம்பளம், வார விடுமுறை மூன்றையும் எழுதிவிட வேண்டும். ‘சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று போட்டால், பனியன் கம்பெனி தருவதைவிடக் குறைவு என்றே படிப்பவர் முடிவு செய்வார்.

நேர்காணல்

ஆள்தேர்வு முறைகளைப் பற்றி 85 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்ட்டரும் 1998-இல் தொகுத்தார்கள். படித்த ஆண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்று கணிப்பது மிகக் கடினம் என்றும், வேலையையே செய்து காட்டச் சொல்வதும் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதும் சும்மா பேசிப் பார்ப்பதைவிட நன்றாகக் கணிக்கும் என்றும் அவர்கள் கண்டார்கள். 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதும் ஒழுங்குபடுத்திய நேர்காணலே முதலிடத்தில் நின்றது. ‘பேசினா நல்ல புள்ளையாத் தெரியுது’ என்ற அளவுகோல் போதாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

நேர்காணல் குழுவில் மூன்று பேர் போதும்: நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், குழந்தை வளர்ப்பு தெரிந்த மூத்த டீச்சரோ செவிலியரோ ஒருவர், பிள்ளையை விட்டிருக்கும் தாய் ஒருவர். ஆறேழு கேள்விகளை முன்பே எழுதிவைத்து, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்றும் குறித்துக்கொண்டு, வருபவர் எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்க வேண்டும். மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகுதான் தங்களுக்குள் பேச வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொல்வதே எல்லோர் முடிவாகிவிடும். எப்போது கல்யாணம், எப்போது குழந்தை பெற்றுக்கொள்வீர்கள், என்ன சாதி போன்ற கேள்விகளுக்கு இடமில்லை. அவற்றுக்கும் பிள்ளை பார்க்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

‘உங்களுக்குக் குழந்தைகள் பிடிக்குமா?’ என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றே சொல்வார்கள். நடக்கக்கூடிய நிலைமையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்பதே பயன் தரும். பனியன் பகுதிக் காப்பகத்துக்குப் பொருந்தும் ஐந்து கேள்விகள் இவை.

முதல் கேள்வி அழுகையைப் பற்றியது. புதிதாகச் சேர்ந்த இரண்டு வயதுப் பிள்ளை, அம்மா போனதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறது. என்ன செய்வீர்கள்? மிட்டாய் கொடுப்பேன், அம்மா இப்ப வந்துருவாங்கன்னு சொல்லுவேன் என்பது சாதாரணப் பதில். பொய் சொன்னால் பிள்ளை அடுத்த நாள் டீச்சரை நம்பாது. ‘பக்கத்துல உக்காந்துக்குவேனுங்க. அழுவறதுக்குத் திட்ட மாட்டேன். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு, சாயங்காலம் அம்மா வருவாங்கன்னு சொல்லுவேனுங்க’ என்று பதில் வந்தால், குழந்தைக்கு நேரம் எப்படிப் புரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, அடி. ‘சொன்ன பேச்சுக் கேக்கலீனா ரெண்டு போடுங்க டீச்சர்’ என்று தகப்பனே சொல்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்? பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அடிக்க மாட்டேன் என்று தயங்காமல் சொல்பவரே தேறுவார். காப்பகத்தில் வேலை செய்பவரோ நடத்துபவரோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு.

மூன்றாவது, பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர். அம்மா ஒன்றரை ஷிப்ட். மாலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து, நான் பிள்ளைக்கு மாமன், அக்கா அனுப்பி வைத்தார் என்கிறார். பிள்ளையும் மாமா என்று ஓடுகிறது. பிள்ளைக்குத் தெரிந்தவர் என்பதால் அனுப்பிவிடுவேன் என்றால் மதிப்பெண் இல்லை. படிவத்தில் பெயரும் போட்டோவும் இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லாவிட்டால் தாய்க்கு போன் போடுவேன், தாய் எடுக்கும்வரை அனுப்ப மாட்டேன் என்பதே சரியான பதில். குடித்துவிட்டு வரும் சொந்தத் தகப்பனைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம்; சம்பள நாளான சனிக்கிழமை மாலையில் இது நடக்கக்கூடியதுதான்.

நான்காவது, அவசரம். கடலைப் பருப்பு தொண்டையில் சிக்கிப் பிள்ளை மூச்சு விடத் திணறுகிறது. அல்லது காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? சிக்கியதைக் கண்ணால் பார்க்காமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. குழந்தையைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்ட வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டி வைப்பதும் கையில் சாவிக் கொத்து கொடுப்பதும் பயன் தராது. விண்ணப்பிப்பவருக்கு இது முழுக்கத் தெரியாவிட்டால் குறையில்லை, சொல்லிக் கொடுக்கலாம். பதற்றமில்லாமல் யோசிக்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, மொழி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகளும் காப்பகத்துக்கு வருகிறார்கள். தமிழே தெரியாத மூன்று வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இந்தி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சைகையும் படமும் பயன்படுத்துவேன், தண்ணீர், சோறு, வலி, அம்மா போன்ற பத்துப் பதினைந்து சொற்களைத் தாயிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன் என்பவர் இந்த வேலைக்குப் பொருந்துவார்.

அரைநாள் பார்த்துவிட்டு முடிவு

நேர்காணலில் முதல் மூன்று இடங்களில் வந்தவர்களை ஆளுக்கு ஒரு நாள், காலை எட்டிலிருந்து பகல் ஒரு மணிவரை பிள்ளைகளோடு இருக்க வைப்பது தேர்வின் அடுத்த கட்டம். அன்றைக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். பழைய டீச்சர் கூடவே இருப்பார். விண்ணப்பித்தவரிடம் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது.

பார்க்க வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். உள்ளே வந்ததும் நின்றபடியே பிள்ளைகளைக் கூப்பிடுகிறாரா, தரையில் உட்கார்ந்து அவர்கள் கண்மட்டத்துக்கு வருகிறாரா. ‘டேய்’ என்கிறாரா, ‘வா கண்ணு’ என்கிறாரா. மூக்கு ஒழுகும் பிள்ளையைத் துடைத்துவிட்டால், அடுத்த பிள்ளையைத் தொடும் முன் கையைக் கழுவுகிறாரா. ஜட்டியை மாற்றும்போது முகம் சுளிக்கிறாரா, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மாற்றுகிறாரா. ஒரு பிள்ளைக்குப் பருப்புச் சாதம் ஊட்டும்போது மற்ற ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்கிறாரா. வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்ட பிள்ளையின் வாயில் திணிக்கிறாரா, கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி நீட்டுகிறாரா. ஐந்து மணி நேரத்தில் எத்தனை முறை செல்போனை எடுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

பதினொரு மணி வாக்கில் ஒரு கதை சொல்லச் சொல்ல வேண்டும். கையில் புத்தகம் வேண்டாம். நரி, காக்கா எதுவானாலும் சரி. பிள்ளைகள் குறுக்கே பேசினால் அதையும் கதைக்குள் சேர்த்துக்கொள்கிறாரா, ‘சும்மா இரு’ என்று அதட்டுகிறாரா என்பதைப் பார்த்தாலே போதும். நேர்காணலில் தடுமாறியவர் தரையில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் மடியேறுவதும், ஆங்கிலத்தில் பாட்டுப் பாடி அசத்தியவர் ஒரு மணி நேரத்தில் நாற்காலி தேடுவதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். இறுதி மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்கலாம்.

சரிபார்ப்பு

ஆளைப் பிடித்துவிட்டது என்பதற்காகச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடக் கூடாது. ஆதார், கல்விச் சான்று, முகவரி ஆகியவற்றை அசலோடு ஒப்பிட வேண்டும். முன்பு வேலை செய்த இடத்துக்கு நேரிலோ போனிலோ பேசி, ஏன் நின்றார், மறுபடி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் தயக்கம் பல செய்திகளைச் சொல்லிவிடும். காசநோய் உள்ளிட்ட தொற்று இல்லை என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். சமைப்பவருக்கும் ஊட்டுபவருக்கும் இது கூடுதல் முக்கியம்.

காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் பணியாளர் ஒவ்வொருவரையும் நிறுவனம் அவ்வப்போது காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் சொல்கின்றன. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியே இதற்கு விண்ணப்பிக்கலாம். டீச்சர், ஆயாவோடு இது நிற்பதில்லை. வேன் டிரைவர், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லோரும் இதில் அடக்கம். மையத்துக்குள்ளேயே குடியிருக்கும் உரிமையாளரின் உறவினரையும் சரிபார்த்துவிடுவது நல்லது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம்வரை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு என்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, குழந்தைகள் உதவி எண்ணான 1098 எதற்கு என்பதை வேலையில் சேரும் அன்றே ஒவ்வொருவருக்கும் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

உத்தரவு, பயிற்சி, தக்கவைப்பு

நியமன உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நேரம், சம்பளம், சம்பள நாள், விடுமுறை, தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகியவை அதில் வர வேண்டும். எந்தச் செயலுக்கு உடனே பணிநீக்கம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்: அடித்தல், பூட்டி வைத்தல், தூங்க மருந்து கொடுத்தல், அனுமதியில்லாத ஆளிடம் பிள்ளையை ஒப்படைத்தல். மூன்று மாதத் தகுதிகாண் காலத்தில் மாதம் ஒரு முறை, அரைநாள் சோதனையில் பார்த்த அதே பட்டியலை வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் வாரம் புது டீச்சர் தனியே வகுப்பெடுக்கக் கூடாது. முதலுதவி, தீயணைப்பு, வெளியேறும் வழி, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் வாரம் அது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆபத்து நேரத்தில் யார் எந்தப் பிள்ளைகளை, எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்பதை மாதம் ஒரு முறை ஒத்திகை பார்ப்பது காப்பகத்தின் வாடிக்கையாக வேண்டும். என்ன சொல்லித்தருவது என்பதற்கு டீச்சர் வெளியே தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு அங்கன்வாடிகளுக்கென உருவாக்கப்பட்ட ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தைத் தனியார் காப்பகமும் பின்பற்றலாம்.

எடுத்த ஆளைத் தக்கவைப்பதும் தேர்வின் பகுதிதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டீச்சர் மாறுவது பெரிய இழப்பு. பழகிய முகம் காணாமல் போனால் அழுகையும் சாப்பிடாமையும் மறுபடி தொடங்கும். சம்பளத்தை முடிவு செய்யும்போது ஒப்பிட வேண்டியது பக்கத்து நர்சரிப் பள்ளியோடு இல்லை, பனியன் கம்பெனியில் அதே பெண் எட்டு மணி நேரத்துக்கு வாங்கக்கூடிய ஷிப்ட் கூலியோடு. அதைத் தர முடியாத மையம் வேறு வகையில் ஈடுகட்ட வேண்டும்: டீச்சரின் சொந்தப் பிள்ளைக்குக் கட்டணமில்லா இடம், உறுதியான நேரத்துக்கு வீடு திரும்பும் வசதி, பண்டிகை போனஸ், ஆண்டுக்கு ஒரு பயிற்சி, முதல் ஆண்டு முடிந்ததும் சொல்லி வைத்த சம்பள உயர்வு. கம்பெனிக் காப்பகமாக இருந்தால் டீச்சரையும் கம்பெனி ஊழியர் பட்டியலில் சேர்த்து, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. போன்றவற்றைத் தையல்காரருக்குத் தருவதுபோலவே தருவது முறை.

விலகுபவரிடமும் காரணம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். சம்பளம், நேரம், பெற்றோரின் பேச்சு, ஆயாவோடு சண்டை என்று காரணம் எதுவாக இருந்தாலும், அடுத்த விளம்பரத்திலும் அடுத்த நேர்காணல் கேள்விகளிலும் திருத்த வேண்டியது எது என்பதை அந்தக் குறிப்பே சொல்லும். புது டீச்சர் வந்து சேர்ந்த பிறகு பழையவர் இரண்டு வாரமாவது கூடவே இருக்கும்படி முன்னறிவிப்புக் காலத்தை வைத்துக்கொண்டால், பிள்ளைகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பழக நேரம் கிடைக்கும்.